பாலைவன நாட்டுக்குப் புறப்படும் முன்



ஒரு கொத்தனார் சவூதி அரேபியாவுக்கு வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் அவருக்கு முதல் பயணம். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இரவு வகுப்பில்தான் மறுபடியும் எழுத்தைப் பிடித்தார். ரியாத் நகரில் கட்டட வேலை என்று ஏஜெண்டு சொல்லியிருக்கிறார்.

அவர் முதலில் பார்க்க வேண்டியது விசா. அது வேலை விசாவா? சுற்றிப் பார்க்கும் விசாவா? "இதில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று சில ஏஜெண்டுகள் சொல்வார்கள். நம்பக் கூடாது. சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வது அங்கே குற்றம். சம்பளம் தராவிட்டாலும் கேட்க வழியில்லை.

பத்தாம் வகுப்பு தேறாதவர் சவூதிக்கு வேலைக்குப் போக நம் அரசின் அனுமதி வேண்டும். குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இதைத் தருகிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏஜெண்டிடம் அரசின் உரிமம் இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு உரிய வரியும்தான். லட்சக் கணக்கில் கேட்டால் அவரிடம் போகாமல் இருப்பதே நல்லது. இந்த அனுமதியோடு போகிறவருக்கு 10 லட்ச ரூபாய்க் காப்பீடு உண்டு. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய்தான் கட்ட வேண்டும். விபத்தில் இறந்தாலோ, வேலை செய்ய முடியாதபடி ஊனமானாலோ அந்தப் பணம் கிடைக்கும். நகையை அடகு வைத்துப் போகிற குடும்பத்துக்கு இது பெரிய விஷயம்.

இனிப் பெட்டி கட்டுவது. கொத்தனாரின் மனைவி புளி வைத்தார். மிளகாய்த் தூள் வைத்தார். குருமாவுக்கு ஆகும் என்று ஒரு பொட்டலம் கசகசாவும் வைத்தார். அந்தப் பொட்டலம்தான் ஆபத்து! கசகசா அபினிச் செடியின் விதை. நமக்கு அது மளிகைச் சாமான். சவூதியில் அதைப் போதைப் பொருளாகக் கருதுகிறார்கள். தெரியாமல் கொண்டு வந்தேன் என்றால் விட மாட்டார்கள். சிறைதான். மசாலாப் பொடியில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பார்சலோடு வருவார். "எங்க தம்பிக்கு ஊறுகாய்தான், கொடுத்திடுங்கண்ணே" என்பார். முகத்துக்கு நேரே மறுப்பது சங்கடம்தான். ஆனாலும் பிரித்துப் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது. உள்ளே என்ன இருந்தாலும் மாட்டிக்கொள்வது பெட்டிக்கு உரியவர்தான். மாத்திரை கொண்டு போனால் மருத்துவர் எழுதிய சீட்டும் கூடவே இருக்க வேண்டும். சில வலி மாத்திரைகளுக்கும் இருமல் மருந்துகளுக்கும் அங்கே தடை உண்டு. மதுவும் கூடாது.

ரியாத்தில் கோடை வெயில் 45 டிகிரியைத் தாண்டும். காற்றில் ஈரமே இராது. வியர்வை வந்த உடனே காய்ந்துவிடும். அதனால் உடம்பில் நீர் குறைவது தெரியாது. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை என்று பொருள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 மணி முதல் 3 மணி வரை நேர் வெயிலில் வேலை வாங்குவதற்கு அங்கே தடை உண்டு. கூட வேலை செய்பவர் உளறினாலோ மயங்கினாலோ உடனே நிழலுக்குத் தூக்க வேண்டும். ஈரத் துணியால் உடம்பைக் குளிர்விக்க வேண்டும். மருத்துவமனைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். பாலைவனத்தில் வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்கக் கூடாது. தேடி வருபவர் கண்ணுக்கு வண்டிதான் முதலில் படும். வெயில் நாடுதானே என்று கம்பளியை விட்டுவிட்டுப் போகவும் கூடாது. குளிர்கால இரவில் பல் கிட்டும்.

அங்கே போனதும் கொத்தனார் இன்னொரு முறை மாணவர் ஆக வேண்டும். அரபு எழுத்தை வலமிருந்து இடமாகப் படிப்பார்கள். எண்களை மட்டும் நம்மைப் போல இடமிருந்து வலமாகப் படிப்பார்கள். எண்ணின் வடிவம்தான் ஏமாற்றும். வட்டம் போட்டிருந்தால் அது பூஜ்யம் இல்லை, 5. பூஜ்யத்துக்கு ஒரு புள்ளிதான். நம் 7 போலத் தெரிவது 6. ஒரு கோடு, ஒரு வட்டம், இரண்டு புள்ளி இருந்தால் அது 1500. சம்பளச் சீட்டில் வட்டத்துக்குப் பதில் புள்ளி இருந்தால் 500 ரியால் போய்விடும்! பத்து எண்தான், ஒரு மாலையில் படித்துவிடலாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்த எண்களை அரபு மக்கள் 'ஹிந்தி எண்கள்' என்கிறார்கள். எண்ணும் முறை இந்தியாவிலிருந்து அங்கே போனதுதான்.

மற்றப் பழக்கங்கள் கடினமானவை அல்ல. வலது கையால் கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும். ரமலான் மாதத்துப் பகலில் பிறர் பார்க்கச் சாப்பிடக் கூடாது. பெண்களையும் ராணுவ இடங்களையும் படம் எடுக்கக் கூடாது. 'ஷுக்ரன்' என்றால் நன்றி.

தங்கும் அடையாள அட்டைக்கு 'இக்காமா' என்று பெயர். அது எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். அதை எடுத்துத் தருவது முதலாளியின் பொறுப்பு. பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வது அந்த நாட்டுச் சட்டப்படியே தவறு. சிக்கல் வந்தால் ரியாத்தில் இந்தியத் தூதரகம் உண்டு, ஜித்தாவில் துணைத் தூதரகம் உண்டு. அந்தத் தொலைபேசி எண்களைச் செல்போனில் மட்டும் வைத்தால் போதாது. செல்போன் தொலையும். கொத்தனார் ஒரு சின்ன நோட்டில் தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.

வேலை ஒப்பந்தம் கைக்கு வந்த அன்று ஏஜெண்டு அவசரப்படுத்தினார். "நேரமாகுது, கையெழுத்தைப் போடுங்க" என்றார். கொத்தனார் போடவில்லை. தமிழில் எழுதிய பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவியும் அதே இரவு வகுப்புக்குப் போகிறவர். விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். சம்பளம் இருந்தது. வேலை நேரம் இருந்தது. திரும்பி வரும் விமானச் சீட்டும் இருந்தது.

"சாப்பாடு யார் பொறுப்புன்னு இதுல எங்கேயும் இல்லையே?" என்று கேட்டார்.

அதை எழுதிச் சேர்க்க எட்டு நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாள்தான் கொத்தனார் கையெழுத்துப் போட்டார்.