மீனுக்குச் சோறு கரையிலே இருக்கிறது



ஐப்பசி மாதத்தில் நல்ல மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம். புற்றிலிருந்து ஈசல் பொலபொலவென்று கிளம்புகிறது. அந்த நேரத்தில் ஓடைப் பக்கம் போனால் தண்ணீரில் 'சளப், சளப்' என்று சத்தம் கேட்கும். விழுகிற ஈசலைக் கெண்டையும் கெளுத்தியும் போட்டி போட்டுக்கொண்டு விழுங்கும். நாமெல்லாம் சிறு பிள்ளையில் பார்த்த காட்சிதான். இன்றைக்கு நான் பேசப்போவது அதைப் பற்றித்தான். மீனுக்குச் சோறு எங்கேயிருந்து வருகிறது? தண்ணீரிலிருந்தா, கரையிலிருந்தா?

இந்த விஷயத்தில் நானே ஒரு தப்புச் செய்திருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பெருநகருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால் ஓரத்தில் நாணலும் நொச்சியும், நடுநடுவே நாவலும் நீர்மருதுமாகப் புதர் மண்டிக் கிடந்தது. "தண்ணிக்குத் தடங்கல், எலிக்கு வீடு. சுத்தமா வழிச்சிடுங்க" என்று யோசனை சொன்னேன். ஊர் கூடி, இரண்டு கரையிலும் ஒரு பச்சை இல்லாமல் வழித்துவிட்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த மழைக்குக் கரை இரண்டு இடத்தில் சரிந்தது. சரிந்த மண் கால்வாயிலேயே படிந்து மேடு தட்டியது. எந்தத் தண்ணீர் தடையில்லாமல் ஓட வேண்டும் என்று சொன்னேனோ, அதுதான் தேங்கி நின்றது. மறு வருஷம், அங்கே வழக்கமாகத் தூண்டில் போடுகிற ஒரு பாட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் சாமி, கரையிலே இருந்ததையெல்லாம் வழிக்கச் சொல்லிட்டியே, மீனு எதைத் துன்னும்?" என்று கேட்டார். பட்டம் படித்த எனக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது சொல்கிறேன்.

ஒரு மீன் என்ன தின்கிறது என்பதை அதன் வாயும் குடலுமே சொல்லிவிடும். தலையில் வெள்ளைப் பொட்டு வைத்த சின்ன மீன் ஒன்று தண்ணீரின் மேல்மட்டத்திலேயே திரியும், பார்த்திருப்பீர்கள். அதன் வாய் மேல்நோக்கி இருக்கும். விழுகிற எறும்பு, கொசுப்புழு எல்லாம் அதற்கு இரை. அயிரையின் வாய் கீழ்நோக்கி இருக்கும். மணலைக் கிளறிப் புழுவும் மக்கும் தின்னும். கெளுத்தி ராத்திரியில் மீசையால் தடவித் தடவி இரை தேடும். விராலுக்கு அகன்ற வாய், கூரிய பல். தவளை, சின்ன மீன் எதையும் விடாது. தாய்மார்களே, மீன் ஆயும்போது குடலைக் கவனித்துப் பாருங்கள். விரால் குடல் அதன் உடம்பு நீளம்கூட இருக்காது. பாசியும் இலைமக்கும் தின்கிற ரோகுவின் குடலோ சுருள் சுருளாக, உடம்பைப் போலப் பல மடங்கு நீளம். மாட்டுக் குடலுக்கும் புலிக் குடலுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

இலங்கையின் மழைக்காட்டு ஓடைகளில் ஆராய்ந்து 1984-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்றும் இதையே சொல்கிறது. ஒரே சின்ன ஓடையில் பல ஜாதி மீன்கள் வாழ்கின்றன. இரையிலும் இடத்திலும் ஒவ்வொன்றும் தன் பங்கைப் பிரித்துக்கொள்கிறது. அப்படிப் பிரித்துக்கொள்ள வேண்டுமானால், பந்தியில் பல பதார்த்தம் இருக்க வேண்டுமல்லவா?

அதைப் பரிமாறுவது கரைதான். இரண்டு வழியாகப் பரிமாறுகிறது. ஒன்று, நேராக: மரத்திலிருந்து விழுகிற எறும்பு, கம்பளிப்புழு, வெட்டுக்கிளி, அத்திப்பழம். இன்னொன்று, சுற்றுவழியாக: இலை உதிர்ந்து தண்ணீரில் ஊறுகிறது. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சணமும் நுண்ணுயிரும் அதை மெத்தென்று ஆக்குகின்றன. அதைப் பூச்சிகளின் இளம்புழுக்களும் நத்தையும் இறாலும் தின்கின்றன. அவற்றை மீன் தின்கிறது. குப்பை எருவாகிப் பயிராகிற கணக்கேதான் இதுவும்.

இதற்குக் கணக்கும் எடுத்திருக்கிறார்கள். ஜப்பானில் ஹொக்கைடோ தீவில் நகானோ என்ற விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும் ஓர் ஓடையின் மேலே பிளாஸ்டிக் கூரை போட்டு, மரத்துப் பூச்சி விழாமல் தடுத்தார்கள். 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். மேலிருந்து இரை வராமல் போகவே, மீன்கள் தண்ணீருக்குள் இருந்த பூச்சிகளைத் தின்று குறைத்துவிட்டன. பாசியை மேய்கிற பூச்சி குறைந்ததும் பாசி மண்டியது. அந்தத் தீவிலேயே செய்து 2001-ல் வெளியான இன்னொரு ஆய்வில், ஓடை மீன்களின் வருஷ இரையில் கிட்டத்தட்ட 44 சதவீதம் தரைப்பூச்சி என்று கண்டார்கள். அது குளிர்நாடு. நம் ஓடையில் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் பாட்டி சொன்னதும் அந்த விஞ்ஞானி சொன்னதும் ஒன்றுதான்.

நிழலையும் மறந்துவிடக் கூடாது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்க முடியும். 35 டிகிரியில் அது சுமார் 7 ஆகக் குறைந்துவிடும். நம்முடைய செய்யாறும் ஓடைகளும் மாசி, பங்குனியில் வற்றிவிடுகின்றன. மிச்சம் நிற்பது ஒன்றிரண்டு மடுதான். மேலே மரநிழல் இருந்தால் மடு சீக்கிரம் வற்றாது, அதிகம் சுடவும் சுடாது. அதில் தப்பிக் கிடக்கிற மீன்தான் அடுத்த மழைக்கு விதை.

"சரி ஐயா, புதரை விட்டால் எலி வருமே, பூச்சி வருமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வயல் வரப்பு வேறு, ஓடைக் கரை வேறு. வரப்பிலே புல் மண்டினால் எலியும் தத்துப்பூச்சியும் தங்கும். அதைச் சுத்தமாகத்தான் வைக்க வேண்டும். ஓடைக் கரைச் செடியிலே தட்டானும் சிலந்தியும் தவளையும் இருக்கும். இலைச்சுருட்டுப் புழுவின் அந்துப்பூச்சியைப் பிடித்துத் தின்பவை இவைதான். கூலி கேட்காத ஆட்கள். அவர்கள் இருக்கிற வீட்டை நாமே இடிக்கலாமா?

ஆகவே நான் சொல்வது இதுதான்:

கால்வாயின் நடுப்பகுதியைத் தூர் எடுங்கள். கரையை மொட்டையடிக்காதீர்கள். புதர் வெட்ட வேண்டுமானால் இந்த வருஷம் ஒரு பக்கம், அடுத்த வருஷம் மறுபக்கம் என்று வெட்டுங்கள். நாணலுக்கு நெருப்பு வைக்காதீர்கள். விரால் செடி மறைவில்தான் கூடு கட்டிக் குஞ்சைக் காக்கும்.

சீமைக்கருவேலத்தையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் எடுக்கத்தான் வேண்டும். எடுத்த இடத்தில் உடனே நீர்மருது, நாவல், அத்தி வையுங்கள். சரிவிலே வெட்டிவேர் நடுங்கள். புறம்போக்கு ஆனதால், முன்கூட்டியே ஊராட்சியிலும் நீர்வளத் துறையிலும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஏரிக்கரையின் மேல் பெரிய மரம் வேண்டாம். அதன் வேர் செத்து மக்கினால் அந்த வழியாகத் தண்ணீர் கசிந்து கரையே உடையலாம். நான் சொல்கிற மரம் ஓடைக்கும் வரத்துக்காலுக்கும்தான்.

ஓடையை ஒட்டி ஐந்தாறு அடியாவது மருந்து அடிக்காமல் விடுங்கள். தெளிப்பானை ஓடையில் கழுவவே கழுவாதீர்கள். சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொன்றுவிடும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்று ஆள் வைத்திருக்கிறார்கள். தண்ணீரையும் பச்சையையும் சேர்த்துக் காத்த ஊர் நம் ஊர். நாம் 12 பேரைத் தேட வேண்டாம். அவரவர் நிலத்தை ஒட்டிய ஓடைக் கரைக்கு அவரவர் பொறுப்பு ஏற்றால் போதும்.

தைப்பூசத்துக்குச் சுற்று ஊர்ச் சாமிகள் பெருநகர்ச் செய்யாற்றில் வந்து கூடும்போது நீங்களும் வருவீர்கள். அன்றைக்குக் கரையை ஒருமுறை ஏறிட்டுப் பாருங்கள். நிற்கிற மரம் எத்தனை, வைக்க வேண்டிய இடம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். கன்றை அடுத்த ஆடியில் நடலாம்.

நான் வழிக்கச் சொன்ன கரையில் இப்போது ஒன்பது நாவல் மரம் நிற்கிறது. நட்டவர்கள் ஊர்க்காரர்கள். கன்று கொண்டுபோய்க் கொடுத்தது மட்டும்தான் நான். கெண்டை திரும்பி வந்திருக்கிறது. அதைச் சொல்லலாம் என்று தேடிப் போனபோது, பாட்டிதான் இல்லை.