படிக்க மாட்டேங்கானாம்

(ஆய்க்குடி மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'பயலுக்கு மூளை இருக்கு, ஆனா படிக்க மாட்டேங்கான், தன்னைத்தானே கெடுத்துக்கிடுதான்.' சார்வாள்கள் சொல்லுவது இது. நம்ம வீட்டிலயும் இதையேதான் சொல்லுதோம். மட்டம் போடுவது, தெரிந்த கேள்விக்கும் எழுதாமல் பேப்பரைக் கொடுத்துவிட்டு வருவது, இதெல்லாம் அவன் குணம் என்று முடித்துவிடுகிறது பொதுப்புத்தி.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பிளஸ் டூ படித்த நம் பையன் ஒருவன் பள்ளிக்குப் போகாமல் இருந்தான். ஏன் என்று விசாரித்தபோதுதான் உடன்படித்த ஆதிக்கசாதி மாணவர்களின் கொடுமை வெளியே வந்தது. சொன்னதற்காக ராத்திரி வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கச்சிக்கும் வெட்டு. விசாரிக்கும்வரை பதிவேட்டில் அவன் வெறும் 'ஆப்சென்ட்'. அதே பையன் வேறு பள்ளிக்கு மாறி, 2024இல் 600க்கு 469 வாங்கினான்.

நான் பேங்க் கிளார்க். ஸ்காலர்ஷிப் கணக்குத் தொடங்க வரும் பிள்ளைகள் ஃபாரத்தைச் சுருட்டி மறைத்துக்கொண்டு நிற்பார்கள். 'எஸ்.சி. எல்லாம் எந்திரிங்கன்னு கிளாஸ்ல சொன்னாவ சார்.' நானும் அப்படி எழுந்து நின்றவன்தான். பணம் என்றைக்கோ செலவாகிப் போச்சு, எழுந்து நின்ற நிமிஷம் போகவில்லை.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உத்தரப் பிரதேசக் கிராமத்துப் பையன்கள் 642 பேருக்குப் புதிர்ப்பாதைத் தாள் கொடுத்தார்கள். சாதி சொல்லாதபோது தலித் பையன்களும் மற்றவர்களும் ஏறக்குறைய சமமாகவே போட்டார்கள். எல்லார் முன்னாலும் சாதியை வாசித்ததும் நம் பையன்களின் கணக்கு இறங்கிவிட்டது. மூளை அதே மூளைதான்.

ஒருத்தன் என்னிடம் சொன்னான்: 'படிச்சு பெயிலானா இவனுகளுக்கு வராதும்பாவ. படிக்காம பெயிலானா, படிக்கலன்னு மட்டும்தான் சொல்லுவாவ.' அவன் காப்பாற்றிக்கொள்வது மானத்தை.

வீட்டையும் சொல்லணும். அம்மாவின் பீடித் தட்டுக்கும் அப்பாவின் குடிக்கும் நடுவில் புத்தகம் விரிக்க இடம் ஏது? அதைவிடப் பெரிது, 'தலையக் குனிஞ்சு போ, எதுத்துக் கேக்காத' என்ற புத்திமதி. 2022இல் நம்ம தென்காசி மாவட்டத்துப் பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி நம் பிள்ளைகளுக்கு மிட்டாய் தர மறுத்தான் கடைக்காரன். அந்த ஊர்த் தாய் வேறென்ன சொல்லி வளர்ப்பாள்? அப்படி வளர்ந்த பிள்ளை வகுப்பில் சந்தேகம் கேட்காவிட்டால் 'மந்தம்'.

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கைக்கயிற்றுத் தடையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். பதிவேட்டில் சாதி இருக்கக்கூடாது, உதவித்தொகை விவரத்தை வகுப்பில் அறிவிக்காமல் தனியே அழைத்துச் சொல்லணும் என்பதும் அதில் இருக்கிறது. அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வந்திருக்கேன். போகும்போது ஆளுக்கொன்று வாங்கிக்கிடுங்க. எந்திரிக்கச் சொன்னா, எடுத்து நீட்டுங்க.