பி-53: உடம்பின் காவல் யார் சொத்து?

(ராசிபுரத்தில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மனித உடம்பில் உள்ள ஒரு புரதத்தைப் பாக்டீரியாக் கிருமியில் விளைவித்து, சிறு குப்பியில் அடைத்து, ஆராய்ச்சிசாலைகளுக்கு விற்கிறார்கள். இந்தச் சங்கதி நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் உடம்பைப் பற்றிய சங்கதி ஆதலால், நாமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நூற்பாலைத் தோழர்களுக்குத் தெரியும்: ஓடுகிற பிரேமில் நூல் அறுந்தால் உடனே ஒட்ட வேண்டும், விட்டால் சரக்கு பாழ். நம் உடம்பிலும் ஒரு நூல் ஓடுகிறது. அதன் பெயர் டி.என்.ஏ. கண்ணுக்குத் தெரியாத உயிரணுவுக்குள் சுமார் ஆறடி நீளம் சுருண்டு கிடக்கிறது. உடம்பை நடத்தும் கட்டளைகள் அதில்தான் இருக்கின்றன. புகையிலைப் புகையாலும், சில ரசாயனங்களாலும் அந்த நூல் பழுதாகிறது.

அப்போது வேலைக்கு வருவதுதான் பி-53 என்ற புரதம். டி.என்.ஏ.வில் தனக்குரிய இடங்களைத் தேடிப் பற்றிக்கொண்டு, ‘ஓட்டத்தை நிறுத்து, பழுதைச் சரிசெய்’ என்று கட்டளை பிறக்கச் செய்கிறது. சரிசெய்ய முடியாவிட்டால் அந்த அணு தானே மடியும்படி செய்கிறது. இந்தக் காவல் கெட்டால் பழுதான அணுக்கள் பெருகிப் புற்றுநோயாகும். மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறையப் பாதியில் பி-53 ஜீன் கெட்டிருக்கிறது.

1979இல் இதைக் கண்டுபிடித்தபோது, நோயை உண்டாக்குவதே இதுதான் என்று நினைத்தார்கள். ஆராய்ச்சிக்குக் கிடைத்த படிகள் கெட்டுப்போன படிகளாக இருந்தன! 1989இல்தான் இது குற்றவாளியல்ல, காவல்காரன் என்று தெளிவாயிற்று. சுத்தமான, சரியான சரக்கு கையில் இல்லாவிட்டால் விஞ்ஞானியும் ஏமாறுவார் என்பதற்கு இது சாட்சி.

அந்தச் சரக்கை எப்படி எடுக்கிறார்கள்? ஓர் உயிரின் ஜீனை வெட்டிப் பாக்டீரியாவில் ஒட்டும் வித்தையை 1973இல் அமெரிக்காவில் கோஹனும் பாயரும் செய்து காட்டினார்கள். மனித ஜீனைச் சேர்த்தால் கிருமி மனிதப் புரதத்தைச் செய்கிறது. புரதத்தைக் கோக்கும் யந்திரத்துக்கு ரைபோசோம் என்று பெயர். அதன் அமைப்பை ஆராய்ந்ததற்காக 2009இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

பிறகு நடப்பது நம் சேகோ ஆலைக் காரியம் போலத்தான். கிழங்கை அரைத்து, சல்லடையில் வடித்து, தொட்டியில் தெளியவிட்டு மாவை எடுக்கிறோம் அல்லவா? அங்கே கிருமியை உடைத்து, வடித்து, புரதத்தைப் பிரிக்கிறார்கள். புரதத்தின் ஒரு முனையில் ஆறு ஹிஸ்டிடின் மணிகளைக் கோத்துவிட்டால், நிக்கல் உலோகம் அதைப் பிடித்துக்கொள்ளும். மற்ற அழுக்கு கழுவிப் போகும்.

இத்தகைய புரதத்தை வைத்துத்தான் 1994இல் பி-53 டி.என்.ஏ.வை எப்படிப் பற்றுகிறது என்று உருவத்தோடு கண்டார்கள். புற்றுநோயில் அடிக்கடி கெடும் இடங்கள், நூலைப் பற்றும் பகுதியிலேயே இருக்கின்றன. புகையிலைப் புகையில் உள்ள பென்சோபைரீன் என்ற நஞ்சிலிருந்து உடம்பில் உண்டாகும் பொருள், நுரையீரல் புற்றுநோயில் இந்த ஜீன் கெடும் அதே இடங்களில் ஒட்டுகிறது என்று 1996இல் காட்டினார்கள். பீடி பிடிக்கும் தோழர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இனி, யார் சொத்து என்ற கேள்வி. டி.என்.ஏ. பழுதைச் சரிசெய்ய உதவும் பி.ஆர்.சி.ஏ. என்ற இரண்டு மனித ஜீன்களுக்கு மிரியட் என்ற அமெரிக்கக் கம்பெனி காப்புரிமை வைத்திருந்தது. மார்புப் புற்றுநோய் அபாயத்தை அறியும் சோதனைக்கு மூவாயிரம் டாலருக்கு மேல் வாங்கியது. விஞ்ஞானிகளும் நோயாளிகளும் வழக்காடினார்கள். இயற்கையில் உள்ள ஜீன் எவருடைய கண்டுபிடிப்பும் அல்ல என்று 2013இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் செயற்கையாகச் செய்த படிக்கு உரிமை கோரலாம் என்றும் வழிவிட்டது. பாதி வெற்றிதான். நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டமும் இயற்கையில் உள்ள பொருளைக் கண்டறிந்ததற்கு மட்டும் உரிமை தருவதில்லை. அந்த விதியைக் காப்பது நம் கடமை.

ஒன்றை மறவாதீர்கள். குப்பியில் வரும் புரதம் ஆராய்ச்சிக்கு மட்டுமே; மருந்தல்ல. மருந்தென்று எவன் விற்றாலும் வாங்காதீர்கள். பீடியை விடுங்கள், வாயில் அடக்கும் புகையிலையை விடுங்கள். வாயில் ஆறாத புண் இருந்தால் கூலி போகிறதே என்று தள்ளிப்போடாமல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே சோதனை வசதி இல்லையென்றால், ஒன்றுசேர்ந்து கேளுங்கள். உடம்பு நம்முடையது, அதைக் காக்கும் அறிவும் நம்முடையதாக வேண்டும்.