மேசையும் அலுமாரியும்

வீட்டுக் கணினியின் திரையிலே, நினைவகம் குறைந்துவிட்டது என்னும் எச்சரிக்கை தோன்றியதும், சேமித்துவைத்த நிழற்படங்களைச் சிலர் அழிக்க முற்படுகின்றனர். அஃது பெரும்பாலும் வீண் இழப்பேயாம். படங்கள் இருப்பது வன்தட்டில். அது அலுமாரி போன்றது. குறைந்திருப்பதோ தற்காலிக நினைவகம். அது எழுதும் மேசை போன்றது. மேசையில் இடம் போதாதபோது, விண்டோஸ் வன்தட்டின் ஒரு பகுதியையும் மேசையாகக் கொள்ளும். ஆகவே, வன்தட்டு முற்றாக நிரம்பியிருந்தாலன்றி, படங்களை அழிப்பதாற் பயனில்லை.

செய்யத்தக்கது யாது? முதலில், செய்துகொண்டிருக்கும் வேலையைச் சேமித்தல் வேண்டும். பின்னர் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால், ஒவ்வொரு செயலியும் கொண்டுள்ள இடத்தின் அளவு தெரியும். பல பக்கங்களைத் திறந்துவைத்த உலாவியே பெரும்பாலும் முதலிடம் பெறும். வேண்டாதவற்றை மூடுக. குறையாவிடின், கணினியை நிறுத்தி மீண்டும் தொடக்குக. ஒரே செயலி ஓயாது பெருகுமாயின், பெற்ற இடத்தைத் திருப்பிக் கொடாத பழுது அதனிடம் உண்டு. அதன் புதிய பதிப்பை நிறுவுக.

இவ்வளவும் பயன்தராவிடின் மட்டுமே புதிய நினைவகம் வாங்குதல் தகும். வீட்டுக் கணினிகளுக்கான 32 பிட் விண்டோஸ், 4 ஜிகாபைற்றுக்கு மேற்பட்டதைப் பயன்படுத்தாது என்பதையும் வாங்குமுன் நினைவிற் கொள்ளுதல் நன்று.