ஒரே கடிகாரம், இரண்டு விடியல்



வானொலியில் மணி அறிவிக்கப்படும்போது துவாரகையில் உள்ளவரும் திப்ருகரில் உள்ளவரும் ஒரே நேரத்தையே கேட்கின்றனர். ஆனால் அவ்விருவர் வானிலும் சூரியன் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. நம் நாடு கிழக்கு மேற்காக ஏறத்தாழ 29 பாகை தீர்க்கரேகை அளவு பரந்து கிடக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிஷம் வீதம் கணக்கிட்டால், அருணாசலப் பிரதேசத்தின் கீழ்க்கோடியில் விடிந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சென்ற பின்னரே கட்ச் கடற்கரையில் விடிகிறது. கடிகாரமோ இரண்டுக்கும் ஒன்றுதான்.

குவாஹாத்தியில் குடியேறிய தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜூன் மாதத்தில் அங்கே காலை நாலரை மணிக்கே சூரியன் உதித்துவிடுகிறது. பத்து மணிக்கு அலுவலகம் திறப்பதற்குள் பகலில் ஐந்தரை மணி நேரம் கழிந்துவிடும். டிசம்பரிலோ மாலை நாலரைக்கே அந்தி சாய்கிறது. சென்னையில் அதே நாளில் அந்திக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். காலை வெளிச்சம் உறக்கத்தில் வீணாக, மாலை வேலைக்கு விளக்கு எரிகிறது. ராகுகாலம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை என்று நாம் மனப்பாடமாகச் சொல்வது, ஆறு மணி உதயத்தை வைத்துப் போட்ட கணக்கு. குவாஹாத்தியின் ஜூன் மாதத்தில், உதயத்திலிருந்து பகலை எட்டாகப் பகுத்துப் பார்த்தால், அது எட்டு மணிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது!

இந்த ஒரே நேரம் வந்த வரலாற்றில் சென்னைக்குச் சிறப்பான பங்கு உண்டு. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வு நிலையத்தின் கருங்கல் தூண் இன்றும் அவ்விடத்தில் நிற்கிறது. அந்த நிலையம் கணித்த நேரத்தையே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இந்திய ரயில்வேக்கள் தமக்குப் பொது நேரமாகக் கொண்டன. கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் இடைப்பட்ட தீர்க்கரேகையில் சென்னை இருந்தது அதற்கு வசதியாயிற்று. 1906-இல் இந்திய நேரம் ஏற்பட்டபோது சென்னைக்கு வந்த மாறுதல் ஒன்பது நிமிஷத்துக்கும் குறைவு. மற்ற இரு நகரங்களும் எளிதில் இசையவில்லை. கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை விடாமல் வைத்துக்கொண்டிருந்தன. பம்பாய் நேரம் இந்திய நேரத்துக்கு 39 நிமிஷம் பிந்தியது. ஊர் நேரம் ஒன்று, ரயில் நேரம் ஒன்று என்று இரண்டையும் கணக்கிட்டே பிரயாணிகள் வண்டி ஏறவேண்டியிருந்தது.

அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்கள் வேறொரு வழி கண்டன. வெள்ளைக்காரத் துரைமார்கள் தங்கள் தோட்டக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தனர். அதற்கு 'பாகான் நேரம்' என்று பெயர். பாகான் என்றால் தோட்டம். வெளியே எட்டு மணியென்றால் தோட்டத்துக்குள் ஒன்பது. கொழுந்து பறிப்பதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும் அல்லவா? 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் இவ்வாறு வட்டார நேரம் வகுத்துக்கொள்ள இடமளித்தது. துரைமார்கள் போன பின்னரும் அந்த வழக்கம் தோட்டங்களில் தொடர்ந்தது.

தோட்டத்துக்குத் தகுந்தது மாநிலம் முழுவதற்கும் தகாதா என்ற கேள்வி எழுவது இயல்பே. 2014-இல் அஸ்ஸாம் முதலமைச்சராயிருந்த தருண் கொகோய், தோட்ட நேரத்தையே மாநில நேரமாக்க விரும்புவதாகத் தெரிவித்தார், அது நிறைவேறவில்லை. 2018-இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அறிஞர்கள், வடகிழக்கு மாநிலங்களுக்கும் அந்தமானுக்கும் ஒரு மணி நேரம் முந்திய தனிநேரம் வகுக்கலாம் என்றனர். எல்லையில் ரயில் வண்டிகளின் நேரம் குழம்பி விபத்து நேருமே என்ற அச்சத்துக்கும் அவர்கள் விடை சொன்னார்கள். அஸ்ஸாமுக்கும் வங்காளத்துக்கும் இடையே நிலப்பகுதி குறுகியது. கடக்கும் ரயில் பாதைகளும் சிலவே. ஆகவே கடிகாரத்தை மாற்றும் இடங்கள் மிகக் குறைவு என்பது அவர்கள் வாதம். மத்திய அரசு இதை ஏற்கவில்லை.

பிரிவினை உணர்ச்சிக்கு இது வித்திடும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் எனக்கு மிகையாகவே தோன்றுகிறது. இருவேறு நேரங்களோடு இந்த நாடு 1955 வரை நடந்துதான் வந்தது. கடிகாரத்தைத் தொட வேண்டாம் என்றால், வடகிழக்கில் பள்ளிகளையும் அலுவலகங்களையும் எட்டு மணிக்கே திறக்கலாமே! மாலை நாலு மணிக்குப் பள்ளி விட்டால், மார்கழியில் அங்குள்ள பிள்ளைகளுக்கு விளையாட அரை மணி வெளிச்சமே மிஞ்சும்.