வாய்க்கு ஒட்டுப்போடும் வைத்தியம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் வாய். நமது பெரகல மலைகளிலே வெற்றிலை இல்லாத லயம் அரிது. கொழுந்தெடுக்கும் வேளையில் கன்னத்தில் ஒரு வாய் வெற்றிலையை அடக்கிக்கொள்வது குளிருக்கும் பசிக்கும் மருந்தென்று நம்மவர் கருதுகின்றனர். ஆயினும், புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் விளைக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-இல் வெளியிட்ட நூலில் அறுதியிட்டுக் கூறிவிட்டது. இலங்கை ஆண்களிடையே முதலிடம் பெறும் புற்றுநோயும் வாய்ப்புற்றே.

“கத்தி வைத்தால் வாயே போய்விடும்” என்று அஞ்சி வைத்தியசாலைக்குப் போகாதவர் நம்மிடையே பலர். அவர்களுக்காகவே இதனைச் சொல்கிறோம்.

நோய்ப்பட்ட தசையோடு அதைச் சுற்றியுள்ள நல்ல தசையிலும் ஏறக்குறைய ஒரு சென்றிமீற்றர் அகற்ற வேண்டும். பெரிய பள்ளத்தை வெறுமனே இழுத்துத் தைத்தால் நாக்கு கட்டுண்டுபோம். சோறு விழுங்குவதும் பேசுவதும் கடினம். ஆகவே வேறிடத்துத் தசையைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். இது நமக்குப் புதிதன்று. அறுந்த காதுமடலுக்குக் கன்னத்துத் தசையை அடி அறாமல் திருப்பி ஒட்டும் முறையைச் சுசுருதர் கூறியிருக்கிறார். புனாவுக்கு அருகே நெற்றித் தோலால் ஒருவருக்கு மூக்கு அமைத்த செய்தியை 1794-இல் இலண்டன் சஞ்சிகையொன்று படத்துடன் வெளியிட்டது. மேனாட்டார் அதைப் பார்த்தே கற்றனர்.

1981-இல் சீன வைத்தியர்கள் வெளியிட்ட முறை இன்னும் அதிசயமானது. முன்கைத் தோலை அதன் இரத்தக் குழாய்களோடு எடுத்து, வாயில் பொருத்தி, குழாய்களைக் கழுத்துக் குழாய்களுடன் தலைமயிரிலும் மெல்லிய நூலால் நுண்காட்டியின் கீழ்த் தைப்பார்கள். குழாய் அடைத்தால் ஒட்டு கருகும். அதனால் முதல் சில நாட்கள் தாதியர் மணிக்கு மணி அதன் நிறத்தைப் பார்த்திருப்பர். ஒட்டுமாங்கன்றைக் காப்பவருக்கு இந்தக் கவலை விளங்கும்.

இனி, வளர்ச்சிக் காரணிகள். கவ்வாத்து வெட்டிய தேயிலையில் மறுபடி துளிர் வருகிறதன்றோ? உடம்பிலும் துளிர்க்கச் சொல்லும் பொருள்கள் உண்டு. எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து ஸ்ரான்லி கோஹன் அத்தகைய ஒன்றைப் பிரித்தெடுத்தார்; 1986-இல் றீற்றா லெவி-மொன்ரால்சினி அம்மையாருடன் நோபல் பரிசு பெற்றார். நமது உமிழ்நீரிலும் அது உண்டு. பிரான்சு தேசத்து ஷூக்ரூன் என்பவர் 2001-இல் எளிய வழியொன்றைக் காட்டினார். நோயாளியின் இரத்தத்தை எடுத்த உடனே யந்திரத்திற் சுழற்றினால் பாற்கட்டி போன்ற படலம் திரளும். குருதிச் சிறுதட்டுக்கள் சேர்ந்த அப்படலத்தைப் பல் பிடுங்கிய குழியிலோ முரசிலோ வைக்கிறார்கள்.

ஆனால் நல்ல தசையை வளரச் சொல்லும் பொருள் கெட்டதையும் வளரச் சொல்லக்கூடும். ஆய்வுகூடத்தில் செய்த இவ்வகை மருந்தைப் புற்றுள்ள இடத்தில் இடலாகாது என்று அம்மருந்தின் குறிப்பே விலக்குகிறது. ஆகவே புற்று வெட்டிய வாய்க்கு இன்றும் நம்பிக்கை ஒட்டுத்தான். பள்ளம் சிறிதாயின் ஒட்டும் சிறிது, சிலவேளை தேவையுமில்லை.

பாக்கினால் வாய் இறுகும் நோய் வேறு. இறுகிய நாரை வெட்டி, கன்னத்தினுள்ளே இயற்கை வைத்திருக்கும் கொழுப்புத் திரளை இழுத்து மூடுவார்கள். பின்னர் மாதக்கணக்கில் வாயைத் திறந்து பயிற்சி செய்யாவிடில் மீண்டும் இறுகிவிடும். மலைக்குத் திரும்பியதும் பயிற்சியைக் கைவிடுவதே பெருங்குறை. பாக்கைத் திரும்பத் தொடுவது அதனினும் பெருங்குறை!

இன்றிரவு விளக்கடியில் கண்ணாடி பாருங்கள். வெள்ளைப் படை, சிவந்த திட்டு, இரு வாரம் கடந்தும் ஆறாத புண், மூன்று விரல் நுழையாத வாய், இவற்றில் ஒன்றிருந்தாலும் அரசாங்கப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். வேண்டுமாயின் அவர் பேராதனைக்கோ மகரகமைக்கோ அனுப்புவார். ஒருநாட் பேர் போய்விடுமே என்பது உண்மையான கஷ்டம், அதை நாம் மறுக்கவில்லை. தனியே போக அஞ்சுவோர் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். கூட வர நம்மில் சிலர் ஒத்துக்கொண்டுள்ளோம்.