ஆளைக் குறைப்பது ஏரியை விற்பதற்கு முதற்படி

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பிழைக்க வந்த ஊரின் ஏரியைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று சிலர் கேட்கிறார்கள். அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறோம். 2024 கோடையில் போர்வெல்கள் வறண்டபோது, குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றவர்களில் நம் வீட்டுப் பெண்களும் உண்டு. ஆகவே இது நம் பேச்சுதான்.

மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் இறங்காதவர் நம்மில் யார்? அது தர்மாம்புதி ஏரி இருந்த இடம். கண்டீரவா மைதானம் சம்பங்கி ஏரி. கரகத் திருவிழாவுக்கென்று ஒரு சிறு குளத்தை மட்டும் அங்கே மிச்சம் வைத்தார்கள். 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கோரமங்கலாவில் எழுந்த அடுக்குமாடிகளும் ஏரி நிலத்தில் நிற்பவையே.

இவை எப்படிப் பறிபோயின? முன்பு ஏரிக்கு ஏரி, மதகு திறக்கவும் கரை பார்க்கவும் ஓர் ஆள் இருந்தார். கன்னட ஊர்களில் அவர் நீருகண்டி, நம் ஊர்களில் நீர்க்கட்டி. 1890-களில் ஹெசரகட்டா தண்ணீர் குழாயில் வந்தது. 1974-இல் காவிரியும் வந்தது. இனி ஏரி எதற்கு என்றார்கள். காவல் போயிற்று, சாக்கடை புகுந்தது. பிறகு, நாறுகிறது என்று அவர்களே மூக்கைப் பிடித்துக்கொண்டு மண்ணைக் கொட்டினார்கள்.

தொழிற்சங்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. முதலில் காலியிடங்களை நிரப்பமாட்டார்கள். மிச்சமிருப்பவர் தலையில் எல்லாச் சுமையையும் ஏற்றுவார்கள். வேலை கெட்டதும், "அரசாங்கத்தால் முடியாது, தனியாரிடம் கொடு" என்பார்கள்.

ஏரிகளுக்கும் இதுதான் நடந்தது. 2002-இல் கர்நாடக அரசு ஏரி மேம்பாட்டு ஆணையத்தை அமைத்தது. பராமரிக்கப் பணமில்லை என்ற வாதத்தோடு நாகவாரா, ஹெப்பாள் ஏரிகள் 15 ஆண்டுக் குத்தகைக்குத் தனியாரிடம் போயின. யாரும் போய் உட்காரலாம் என்றிருந்த நாகவாராக் கரைக்கு நுழைவுக் கட்டணம் வந்தது. நாலு பேர் உள்ள கூலிக் குடும்பம் எப்படி உள்ளே போகும்?

ஆனால் தோழர்களே, எதிர்த்தவர்களும் இருந்தார்கள். என்விரான்மென்ட் சப்போர்ட் குரூப் என்ற அமைப்பு 2008-இல் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. நீதிபதி என்.கே. பாட்டீல் தலைமையிலான குழு ஆராய்ந்தது. 2012 ஏப்ரல் தீர்ப்பில், ஏரிகளைக் காக்க மாவட்டக் குழுக்கள் அமைக்குமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது.

தீர்ப்பு காகிதத்தில் இருந்தால் போதாது. கரையில் ஆள் வேண்டும். ஆக்கிரமிப்பு என்றவுடன் முதலில் கண்ணில் படுவது ஏழையின் குடிசைதான், மாடிக் கட்டடம் அல்ல. ஏரியைக் காப்பது என்ற பெயரில் நம் குடிசைகள் மட்டும் இடிபடுவதை நாம் ஏற்கமுடியாது. மாற்று வீடு கொடுத்த பிறகே குடிசையில் கை வைக்கவேண்டும்.

நம் கோரிக்கைகள் மூன்று. ஏரிக்கு ஏரி நிரந்தரக் காவலாளி, நிரந்தரச் சம்பளம். அளந்து எல்லைக்கல் நட்டு, வரைபடத்தை மக்கள் பார்வைக்கு வைத்தல். பராமரிப்புக்கென்று பட்ஜெட்டில் தனி ஒதுக்கீடு. அதை வேறெதற்கும் திருப்பக்கூடாது.

இதைத் தமிழர் கோரிக்கையாக மட்டும் வைத்தால் தோற்போம். பக்கத்து வீட்டுக் கன்னடத் தோழரையும் அழைத்துக்கொண்டு வார்டு கூட்டத்துக்குப் போவோம். மனுவைக் கன்னடத்திலேயே எழுதுவோம். குடத்துக்கு மொழி கிடையாது தோழர்களே, தாகத்துக்கும் கிடையாது!